பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஷாக் மாற்றுவது: நீலகிரியில் வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஷாக் அப்சார்பர் என்று பேச்செடுத்தால் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். இரண்டு வண்டிகளை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்: எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டும் இங்கிலாந்து வண்டிகள், இரண்டும் 1962-ல் வந்து 1980-ல் நின்றுபோனவை. ஷாக் விஷயத்தில் மட்டும் ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ஸ்பிட்ஃபயர் பகுதியைப் படித்தால் போதும். ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான் ஸ்பிட்ஃபயர்.

ஷாக் போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரின் ஒரு மூலையில் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்திவிட்டு, சட்டென்று கையை எடுங்கள். மேலே வந்து, லேசாக ஒருமுறை இறங்கி நின்றுவிட்டால் பரவாயில்லை. தொட்டில்போல ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக்கில் உயிர் இல்லை.

இந்தச் சோதனையில் அடியோடு செத்த ஷாக்தான் மாட்டும். பாதி செத்தது தப்பித்துவிடும். காரணம், நாற்பது ஐம்பது வருட வண்டியில் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள், அதாவது புஷ்கள், இறுகி, துருவேறி, அவையே ஒரு பிரேக் மாதிரி ஆட்டத்தை நிறுத்திவிடும். அதனால் ரோட்டில் பார்க்க வேண்டும். பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறும்போது கொண்டை ஊசி வளைவின் உள்பக்கத்தில் தார் பெயர்ந்து அலை அலையாக இருக்கும் இடங்கள் வரும். அங்கே சிறிய கியரில் மிதிக்கும்போது பின் சக்கரம் தத்தித் தத்தி, இழுவை விட்டுவிட்டு வந்தால் பின் ஷாக்கைச் சந்தேகியுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தி, பெடலை விட்டதும் முன்பக்கம் துள்ளி எழுந்தால் முன் ஷாக். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. மலையில் நாம் யாரும் 40-க்கு மேல் போவதில்லை. அந்த வேகத்தில் மோசமான ஷாக்கும் "கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதே" என்று நல்ல பெயர் வாங்கிவிடும். மேட்டுப்பாளையம் தாண்டி, கோவை ரோட்டில் 80-ஐத் தொட்டதும் படகாக மிதக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மலையை விட்டு இறங்காத வண்டியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை ஷாக்கைக் கழற்றியே பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் எம்ஜிபியில் ஷாக்கே இல்லை என்கிறார் மெக்கானிக். உண்மையா?

இருக்கிறது, அவர் தேடும் உருவத்தில் இல்லை, அவ்வளவுதான். இன்றைய வண்டிகளில் ஷாக் என்றால் நீளமான குழாய். எம்ஜிபியில் நான்கு மூலையிலும் இருப்பது கை வகை ஷாக். கனமான உலோகப் பெட்டி, அதற்குள் ஆயில், பிஸ்டன், வால்வு. பெட்டியிலிருந்து ஒரு தண்டு வெளியே வந்து அதன் முனையில் கை நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கை ஆடும், உள்ளே பிஸ்டன் ஆயிலைச் சின்ன ஓட்டைகள் வழியாகத் தள்ளும். குழாய் வகையிலும் இதே கதைதான். சக்கரத்தின் ஆட்டம் ஆயிலில் சூடாக மாறித் தீர்கிறது. எம்ஜிபிக்கு இதைச் செய்து கொடுத்தது ஆம்ஸ்ட்ராங் கம்பெனி. 1980-ல் வந்த கடைசி வண்டி வரை இதேதான்.

முன்பக்கத்தில் இதற்கு இரட்டை வேலை. ஷாக்கின் கையே சஸ்பென்ஷனின் மேல் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கை. அதாவது ஷாக்கின் தண்டில் ஆட்டம் வந்துவிட்டால், சவாரி மட்டும் கெடாது. சக்கரம் நிற்கும் கோணமே மாறும், ஸ்டியரிங் அலையும். குழாய் ஷாக் போனால் வண்டி ஆடும், இந்த ஷாக் போனால் வண்டி போக வேண்டிய பக்கம் போகாது. வளைவுக்கு மேல் வளைவாக இருக்கும் நம் ஊரில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

கை வகை ஷாக்கில் ஆயில் ஊற்றினாலே சரியாகிவிடுமா? மாற்றத்தான் வேண்டுமா?

பல சமயம் ஆயில் போதும், அதனால் முதலில் அதைச் செய்து பாருங்கள். முதல் வேலை கழுவுவது. மண்ணெண்ணெய், பிரஷ், பழந்துணி வைத்து மேல் மூடியைச் சுற்றி ஒரு துகள் மண் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். மூடியைத் திறந்ததும் ஒரு மணல் உள்ளே விழுந்தால் போதும், வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மூடியின் மரைக்குச் சற்றுக் கீழ் வரை ஆயில் விட்டு, ஷாக்கின் கையை மேலிருந்து கீழ் வரை முழு வீச்சுக்கும் மெதுவாக ஆட்டுங்கள். காற்றுக் குமிழ் வரும், மட்டம் இறங்கும். மறுபடி விட்டு மறுபடி ஆட்ட வேண்டும். குமிழ் நின்றபின் மூடிவிடலாம்.

இப்போது கையை ஆட்டிப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே சீராக, தேனில் கரண்டி விட்டதுபோல இல்லாவிட்டாலும் விடாமல் எதிர்த்தால் ஷாக் பிழைத்தது. நடுவில் ஓர் இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கினால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது வால்வு போயிருக்கிறது. கையைப் பக்கவாட்டில் அசைத்தால் தண்டு பெட்டிக்குள் ஆடுகிறதா? அப்படியானால் ஆயில் விடுவது வீண். தண்டு ஆடுகிற இடத்தில் எந்த சீலும் நிற்காது. மாட்டி ஒரு மாதத்துக்குள் பெட்டி மறுபடி எண்ணெய்ப் பிசுக்காகிவிடும்.

எந்த ஆயில்?

மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயில், 20 டபிள்யூ. பைக் ஸ்பேர் கடையில் கிடைக்கும். பிரேக் ஆயில் கூடவே கூடாது, சீல் ஊதிக் கெட்டுவிடும். இன்ஜின் ஆயிலும் வேண்டாம். "கெட்டியாக விட்டால் இறுக்கமாக இருக்கும்" என்று கியர் ஆயில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வால்வின் கணக்கு எல்லாம் மெல்லிய ஆயிலுக்குப் போட்டது. ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் அந்தக் கெட்டி ஆயில் கூழாகி, ஷாக் அசையவே மறுக்கும். தலைக்குந்தாவில் உறைபனி விழும் நாளில் போய்ப் பாருங்கள், புரியும்.

ஒரு பக்கம்தான் கசிகிறது. அதை மட்டும் மாற்றலாமா?

வேண்டாம். முன் ஜோடி, அல்லது பின் ஜோடி. இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் போகும் வண்டியை மலையில் ஓட்டக்கூடாது.

வீட்டு வாசலிலேயே செய்யலாமா?

உங்கள் வாசல் சமதளமாக இருந்தால். குன்னூரில் எத்தனை வீட்டுக்கு அப்படி வாசல் இருக்கிறது? பெரும்பாலும் ரோட்டிலிருந்து சரிந்து இறங்கும் சிமென்ட் தளம், இல்லாவிட்டால் வெட்டி எடுத்த மண் மேடு. சரிவில் காரை ஸ்டாண்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய நிமிடம் ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இல்லை. மழைக்காலத்து மண்ணில் ஸ்டாண்டின் கால் சத்தமில்லாமல் இறங்கும். தெரிந்தவர் ஷெட்டையோ, தேயிலைத் தோட்ட ஒர்க்‌ஷாப்பின் ஓர் ஓரத்தையோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்குங்கள். தளம் மண்ணாகவே இருந்தால், ஸ்டாண்டுக்கு அடியில் கனமான சில்வர் ஓக் பலகை போடுங்கள், தோட்டப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. எப்படியிருந்தாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஸ்பேனர் செட் எல்லாம் மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. ஓடுமா?

சில இடத்தில் ஓடும், பல இடத்தில் நட்டின் தலையை உருட்டிவிடும். இந்த வண்டிகளின் நட்டு போல்ட்டுகள் அங்குல அளவில், யுஎன்எஃப் என்ற அங்குல மரை. 3/4 அங்குல நட்டுக்கு 19 மி.மீ. ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்தும், அதில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ., அதற்கு 13 போட்டால் லூஸ். புது நட்டில் தப்பிக்கலாம். துருப்பிடித்த நட்டில் முதல் திருப்பிலேயே மூலை போய்விடும். 9/16 என்பது 14.3 மி.மீ., இதற்கு 14 நுழையாது, 15 சுற்றும். அங்குல ரிங் ஸ்பேனர் ஒரு செட் வாங்கிவிடுங்கள். ஷாக்கை வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான்.

மரை இறுகியிருந்தால் முந்தின நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். ரப்பர் புஷ் பக்கத்தில் கேஸ் வெல்டிங் நெருப்பைக் கொண்டுவர வேண்டாம்.

கம்பி வீல் கழலவே மாட்டேன் என்கிறது.

நடுவில் இருக்கும் பெரிய காது நட்டு, இரு பக்கமும் ஒரே திசையில் அவிழாது. வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ, அந்தப் பக்கம் அடித்தால் அவிழும். செம்புச் சுத்தியல் அல்லது மரச் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்துக் காதெல்லாம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே முதல் அடியை அடித்துத் தளர்த்திக்கொண்டு, பிறகு தூக்குங்கள்.

எம்ஜிபி முன் ஷாக் மாற்றும் முறையைச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும். முன் காயில் ஸ்பிரிங் மேலே கிராஸ் மெம்பருக்கும் (முன்பக்கம் குறுக்கே போகும் கனமான சட்டம்) கீழே ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. அதை விரிய விடாமல் பிடித்திருப்பதில் மேல் கைக்கும், அதாவது ஷாக்குக்கும் பங்கு உண்டு. ஷாக்கைக் கழற்றிய பிறகு ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது நீங்கள் கீழே வைத்த ஜாக்கி மட்டும்தான். அந்த ஜாக்கி நழுவினால் ஸ்பிரிங் பாய்ந்து வரும். மாட்டினவர் எலும்பு தாங்காது.

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸ் சட்டங்களுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட் வையுங்கள். பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் நல்ல டிராலி ஜாக்கியை வைத்து, ஷாக்கின் கை அதன் ரப்பர் தடுப்பை விட்டுச் சற்று மேலே எழும் வரை தூக்குங்கள். அதோடு நிற்காமல் ஸ்பிரிங் வழியாகக் கனமான சங்கிலி ஒன்றைக் கிராஸ் மெம்பரோடு சேர்த்துச் சுற்றிவிடுங்கள். சங்கிலி கட்டாமல் செய்கிறவர்கள் நிறைய. நான் அவர்கள் பக்கத்தில் நிற்பதில்லை.

அப்புறம் மேல் ட்ரனியன் போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஷாக்கின் இரண்டு கைகளும் கிங்பின்னின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சு) உச்சியைப் பிடித்திருக்கும் இடம் அது. போல்ட்டை உருவும் முன், சக்கரம் மாட்டும் ஹப்பை ஒரு கயிற்றால் கட்டித் தூக்கி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஹப் வெளியே சாய்ந்து பிரேக் ஹோஸில் தொங்கும். ஷாக்கின் பெட்டி நான்கு போல்ட்டால் கிராஸ் மெம்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான்கையும் கழற்றினால் பெட்டி கையோடு வந்துவிடும், கனமாக இருக்கும், கால் விரலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

புதியதை மாட்டும் முன் கிராஸ் மெம்பரில் இருக்கும் மரையை, மரை வெட்டும் டேப் கருவியை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பழைய துருவோடு இறுக்கினால் மரை பிய்ந்துவிடும், அதைச் சரிசெய்ய லேத் பட்டறைக்குக் காரையா தூக்கிக்கொண்டு போவீர்கள்? நான்கு போல்ட்டுக்கும் முறுக்கு 43 முதல் 45 அடி-பவுண்டு, அதாவது சுமார் 60 நியூட்டன் மீட்டர். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர் இரவல் வாங்கட்டும். ட்ரனியனில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள். ஷாக்குக்குச் செலவழித்த பணத்தோடு பார்த்தால் அது டீச் செலவு.

ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் வண்டி தொங்கும் நிலையில் கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு முறை அழுத்தி உட்கார வைத்து, பிறகு இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழியும், வண்டியின் உயரமும் தப்பாக நிற்கும். பட்டறையில் அவசரத்தில் விட்டுவிடும் முதல் விஷயம் இதுதான். கூடவே நின்று கேளுங்கள்.

பின் ஷாக்?

எம்ஜிபியில் பின்பக்கம் சுலபம். லீஃப் ஸ்பிரிங் தன் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறது, பாய்ந்து வர எதுவும் இல்லை. சேசிஸில் இரண்டு போல்ட், கீழே ஸ்பிரிங் தட்டோடு இணைக்கும் ஒரு சின்ன இணைப்புக் கம்பி. போல்ட்டின் முறுக்கு 55 முதல் 60 அடி-பவுண்டு. இணைப்புக் கம்பியின் ரப்பர் நைந்திருந்தால் ஷாக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் அரை அங்குல ஆட்டத்துக்கு அது வேலையே செய்யாது. "புது ஷாக் போட்டும் தடதடக்கிறது" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு முன்பக்கம் எப்படி?

இங்கே ஷாக் குழாய் வகை, அதன் மேலேயே காயில் ஸ்பிரிங் மாட்டியிருக்கும். மேலே மூன்று நட்டு, கீழே விஷ்போனில் ஒரு நீள போல்ட். அவற்றைக் கழற்றினால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே துண்டாக வெளியே வரும். இதுவரை ஆபத்தில்லை. கீழ் போல்ட் மட்டும் புஷ்ஷின் இரும்புக் குழலுக்குள் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருக்கும். பருவமழை இரண்டும் பார்க்கும் ஊரில் இது சகஜம். அதற்குப் பொறுமையும் ஊறவிடும் நேரமும் வேண்டும்.

வெளியே எடுத்தபின் ஷாக்கின் உச்சி நட்டைத் திறப்பதற்கு முன் ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டே ஆக வேண்டும். கம்பியால் கட்டி, இரண்டு பேர் மேலே உட்கார்ந்து, நட்டை அவிழ்ப்பது என்ற நாட்டு வைத்தியம் சில பட்டறைகளில் நடக்கிறது. அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கம்ப்ரஸரின் கொக்கிகள் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்க வேண்டும், இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், முகத்தை ஸ்பிரிங்கின் நேர்கோட்டில் வைக்கக்கூடாது.

புதிய ஷாக், உள்ளே நைட்ரஜன் கேஸ் அடைக்காத சாதா வகையாக இருந்தால், மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து முழுக்க இழுத்து, முழுக்க அமுக்கி, சில முறை செய்யுங்கள். கடையில் படுக்கையாகக் கிடந்ததில் உள்குழாய்க்குள் காற்று போயிருக்கும். சீரான எதிர்ப்பு வரும்வரை செய்துவிட்டு, படுக்க வைக்காமல் அப்படியே மாட்டுங்கள்.

முன் சக்கரத்தைக் கழற்றியிருக்கும் நேரத்தில் கீழ் ட்ரனியனை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் அடி இணைப்பை, கவனியுங்கள். அதற்குக் கொடுக்க வேண்டியது கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிட்டால் கிரீஸ் மேலேயே நின்றுவிடும், அடியில் தண்ணீர் தங்கித் துரு தின்னும், ஒருநாள் மரையோடு உடைந்து சக்கரம் மடங்கும். ஷாக்கைவிட இது முக்கியம்.

ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் வளைவில் பயமுறுத்துகிறது. ஷாக் மாற்றினால் போகுமா?

குறையும், போகாது. பின்பக்கம் ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் குறுக்காகப் போய் இரண்டு சக்கரத்தையும் தாங்குகிறது. சக்கரம் தொங்கும்போது அதன் அடிப்பக்கம் உள்ளே மடங்கிக்கொள்ளும் அமைப்பு. வளைவின் நடுவில் பதறி ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் எழும், சக்கரம் மடங்கும், பிடி போகும். 1970-ல் மார்க் 4 வந்தபோது ஸ்பிரிங்கின் நடுவைத் திருகி இறுக்காமல் ஊஞ்சலாட விட்டு இந்தக் குணத்தை நிறையக் குறைத்தார்கள். பழைய மாடல் வைத்திருப்பவர்கள் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் லேசாக மிதித்தபடியே போக வேண்டும். ஷாக் நன்றாக இருந்தால் பின்பக்கம் எழும் வேகம் குறையும், உங்களுக்கு ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும். மாற்றும்போது சக்கரத்துக்கு அருகே அடியில் ஜாக்கி வைத்து ஸ்பிரிங்கின் பாரத்தைத் தாங்கிக்கொண்டுதான் ஷாக் போல்ட்டைத் தொட வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுகளுக்கு இறுக்கமான ஸ்போர்ட்ஸ் ஷாக் போட்டால் வண்டி இன்னும் நன்றாகத் திரும்பும் இல்லையா?

எல்லாரும் கேட்பது இது, எனக்கு எல்லாரிடமும் சண்டை வருவதும் இதில்தான். ரேஸ் டிராக்கில் தார் கண்ணாடியாக இருக்கும். அங்கே இறுக்கம் லாபம். நம் ரோடு அப்படியா? மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி, கல்லட்டியில் 36. எங்கே மழைநீர் ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போயிருக்கும், எங்கே தார் ஒட்டுப் போட்டிருக்கும், எங்கே யூக்கலிப்டஸ் இலை ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இறுக்கமான ஷாக் சின்னப் பள்ளத்தில் சக்கரத்தை இறங்க விடாது. சக்கரம் இறங்காவிட்டால் ரோட்டைத் தொடவில்லை என்று அர்த்தம். தொடாத சக்கரம் திருப்பவும் செய்யாது, நிறுத்தவும் செய்யாது. கார் தட்டையாக நிற்பதால் உள்ளே இருப்பவருக்குப் பிடி இருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

வளைவில் வண்டி சாய்வதைத் தடுப்பது ஷாக்கின் வேலையும் அல்ல. எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும், இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பாரும் முடிவு செய்கின்றன. எவ்வளவு வேகமாகச் சாயும் என்பதை மட்டும்தான் ஷாக் முடிவு செய்யும். நீளமான கொண்டை ஊசியில் எந்த ஷாக் இருந்தாலும் கடைசியில் வண்டி அதே அளவுதான் சாயும்.

கோனி கம்பெனியுடையது மாதிரி அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஷாக் வாங்கியிருந்தால், முழு மென்மையில் தொடங்குங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மிதப்பதுபோல இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். சாலையின் கல்லெல்லாம் பல்லில் தெரிய ஆரம்பித்தால் அதிகமாகப் போய்விட்டீர்கள். என் கணிப்பில், மலையில் ஓடும் எம்ஜிபிக்கு நன்றாகப் புதுப்பித்த பழைய கை வகை ஷாக்கும் நல்ல டயரும் போதும். விலை உயர்ந்த ஷாக்குக்கு அடியில் பத்து வருடத்து டயரைப் போட்டுக்கொண்டு பேசுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எம்ஜிபியைக் குழாய் ஷாக்குக்கு மாற்றிவிடலாமா?

பின்பக்கத்துக்குக் கிடைக்கும் கிட் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளிலேயே பிராக்கெட்டை போல்ட் போடுவது. வேண்டாமென்றால் திரும்பப் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் சிக்கல். அங்கே ஷாக்கை எடுத்தால் மேல் விஷ்போனே போய்விடும். அதனால் சில கிட்களில் பழைய ஷாக் பெட்டியை வெறும் கீலாக விட்டுவிட்டுப் பக்கத்தில் குழாய் ஷாக்கைச் சேர்ப்பார்கள், சிலவற்றில் மேல் விஷ்போனையே புதிதாகத் தருவார்கள். முதல் வகையில் தண்டின் ஆட்டம் அப்படியே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் குழாய் ஷாக் சேர்ப்பதில் என்ன பிரயோஜனம்?

இன்னொரு கோணமும் உண்டு. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, எண்ணில் விஏ எழுத்துகளோடு தனிப் பதிவு கிடைக்கும். வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. போல்ட்டில் நிற்கும் பிராக்கெட் ஒன்று. கிராஸ் மெம்பரை வெட்டி வெல்டு வைப்பது வேறு. அந்தப் பதிவுக்கு ஆசை இருந்தால் வெல்டிங் பக்கம் போகாதீர்கள்.

ஊட்டி உயரத்தில் கேஸ் ஷாக் சரியாக வேலை செய்யுமா?

செய்யும். 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால் பார் அளவுக்குத்தான் குறைவு. ஷாக்குக்குள் இருக்கும் நைட்ரஜனின் அழுத்தம் அதைப்போலப் பல மடங்கு. கேஸ் ஷாக் போட்டால் வண்டி சற்று உயர்ந்து நிற்கும், அது உள்ளழுத்தம் தண்டை வெளியே தள்ளுவதால். பயப்பட வேண்டாம்.

காலையில் கட்டை வண்டிபோலக் குலுக்குகிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது.

குளிரில் ஆயில் கெட்டியாகிறது. சில கிலோமீட்டர் ஓடியதும் சூடாகி இளகும். புதிய ஷாக்கை விடியற்காலையில் ஓட்டிப் பார்த்து "ரொம்ப இறுக்கம்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஷாக் எங்கே கிடைக்கும்? பத்மினி ஷாக்கைப் போட்டுவிடலாமா?

எம்ஜிபியின் கை வகைக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது ஒரு வழி. அங்கே பழையதைத் திருப்பிக் கொடுத்தால் விலை குறைப்பார்கள். இங்கிருந்து அந்தக் கனத்தைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவைப் பார்த்தால், முழு விலை கொடுத்துவிடுவதே மேல். இன்னொரு வழி கோவையில் நல்ல லேத் பட்டறை. பெட்டியில் தேய்ந்துபோன தண்டுத் துளையைக் கடைந்து, வெண்கலப் புஷ் அடித்து, நவீன ஆயில் சீல் போட்டால் தொழிற்சாலையில் வந்ததைவிட அதிக நாள் நிற்கும். கோவையில் பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளுக்கு இது கைவந்த வேலை. துளை நேராகக் கடையப்பட வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயருக்குச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம், ஆனால் வருடக்கணக்காகக் கிடந்த ஷாக்கின் ரப்பர் பொடிந்திருக்கும்.

வேறு வண்டியின் ஷாக்கைப் போடுவது பற்றி: நுழைகிறது என்பதற்காகப் போடாதீர்கள். மூன்று அளவு எடுங்கள். சக்கரம் முழுக்க மேலே போகும்போது மிஞ்சும் இடத்தைவிட ஷாக்கின் சுருங்கிய நீளம் குறைவாக இருக்க வேண்டும். முழுக்கத் தொங்கும்போது உள்ள இடைவெளிக்கு விரிந்த நீளம் எட்ட வேண்டும். புஷ்ஷின் உள்விட்டம் போல்ட்டுக்குச் சரியாக இருக்க வேண்டும். முதல் அளவு தவறினால் பெரிய பள்ளத்தில் ஷாக்கே முட்டுக்கட்டையாகி, அதன் தாங்கி பிய்ந்துவிடும். மூன்றும் சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வால்வு வேறு எடையுள்ள வண்டிக்குக் கணக்குப் போட்டது. ஊருக்குள் ஓட்ட ஒப்பேற்றலாம், மலைக்குப் போதாது.

மாற்றிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

எம்ஜிபி முன்பக்கம் என்றால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், மேல் கையையே மாற்றியிருக்கிறோம் அல்லவா. டோ இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்பக்கம் நெருங்கி நிற்கும் அளவு) 1/16 முதல் 3/32 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை முதல் இரண்டேகால் மில்லிமீட்டர். அலைன்மென்ட் கடைக் கம்ப்யூட்டரில் இந்த வண்டி இருக்காது, எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேம்பரை, அதாவது சக்கரம் மேல் கீழாகச் சாய்ந்திருக்கும் கோணத்தை, திருப்ப அதில் திருகே கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பையன் தேடிக்கொண்டே இருப்பான்.

முதல் ஓட்டத்துக்கு மலை இறக்கம் வேண்டாம். குன்னூரிலிருந்து வெலிங்டன், அரவங்காடு வழியாகக் கேத்தி வரை போய்த் திரும்புங்கள். திரும்பியதும் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள், பிரேக் ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பிப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் கழிந்து இன்னொரு முறை.

கழற்றிய பழைய ஷாக்கைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?

குழாய் வகையைப் போடலாம். கேஸ் வகையாக இருந்தால் அறுக்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், இங்கே சாக்கடை ஓடைக்குப் போகிறது, ஓடை யாரோ ஒருவர் குடிக்கும் தண்ணீருக்குப் போகிறது. கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். எம்ஜிபியின் கை வகைப் பெட்டியை மட்டும் எந்த நிலையில் இருந்தாலும் எறிய வேண்டாம். கசிந்தாலும், தண்டு ஆடினாலும், கடைந்து புஷ் அடிக்க அந்தப் பெட்டிதான் மூலப்பொருள். ஆயில் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, எந்தப் பக்கத்து ஷாக் என்று எழுதி வைத்துவிடுங்கள், இடமும் வலமும் ஒன்றுக்கொன்று மாறாது.